முத்திரை இல்லாத கடிதம்: வைரஸ் காய்ச்சலின் முதல் ஐந்து நாட்கள்



ஐப்பசியில் மலையில் மழை பிடித்துவிட்டால் பிளவக்கல் அணைக்குத் தண்ணீர் வரும். அதற்குப் பின்னாலேயே நம் தெருக்களுக்குக் காய்ச்சலும் வரும். அறக்கட்டளைக்கு வருகிற மருத்துவ உதவி மனுக்களும் அப்போதுதான் கூடுகின்றன. மனுவோடு இணைத்து வருகிற பில்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சல் வந்த முதல் நாளே ஆன்டிபயாடிக் ஊசி, இரண்டாம் நாள் அதைவிட விலை கூடிய இன்னொரு ஆன்டிபயாடிக், மூன்றாம் நாள் குளுக்கோஸ் பாட்டில். இப்படியே போகிறது. எந்த டாக்டரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. "ஊசி போடாத டாக்டர்கிட்ட எதுக்குப் போகணும்?" என்று கேட்கிறவர்கள் நாம்தான். ஆனால் மழைக்காலக் காய்ச்சல்களில் பெரும்பாலானவை வைரஸால் வருகிறவை. ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவின் சுவரையோ, அதன் உள்ளே இருக்கும் இயந்திரங்களையோ தாக்குகிற மருந்து. வைரஸுக்கு அந்தச் சுவரும் இல்லை, அந்த இயந்திரமும் இல்லை.

அப்படியானால் முதல் நான்கைந்து நாட்கள் வைரஸோடு சண்டை போடுவது யார்? ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகவே ஐந்தாறு நாள் ஆகும். அதுவரைக்கும் உடம்பு சும்மா இருந்தால் ஆள் தாங்க முடியாது. அந்த இடைவெளியில் வேலை செய்கிற ஒரு ஏற்பாடு நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பிறவியிலேயே இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது தானாகவே விளங்கும். அதனால் இந்த இதழில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

தஃப்தரும் நகலும்

டெங்கு, சிக்குன்குனியா, இன்ஃபுளூயன்சா, தட்டம்மை, போலியோ, கொரோனா எல்லாமே ஆர்.என்.ஏ. வைரஸ்கள். நம் செல்லில் உட்கரு என்ற அறைக்குள் டி.என்.ஏ. இருக்கிறது. ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட பெரிய பதிவேடு அது. நம் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரை எப்படி பீரோவை விட்டு வெளியே எடுக்காமல் தேவைப்பட்டவருக்கு நகல் மட்டும் எழுதிக் கொடுக்கிறோமோ, அப்படியே டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவைப்பட்ட பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கப்பட்டு வெளியே அனுப்பப்படும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. வெளியே இருக்கும் ரைபோசோம் என்ற இயந்திரம் அதைப் படித்து, அதில் சொல்லியுள்ள புரதத்தைச் செய்யும்.

டெங்கு வைரஸிடம் பீரோவும் இல்லை, தஃப்தரும் இல்லை. ஒரேயொரு நகல் மட்டும்தான் இருக்கிறது. சுமார் 10,700 எழுத்து. அதை வைத்துப் பத்துப் புரதம் செய்யலாம், அவ்வளவுதான். கொசு கடித்து உள்ளே வந்ததும் அது ஒரு செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் சொந்த நகல்களோடு நகலாகக் கலந்து நிற்கும். ரைபோசோம் கையில் கிடைத்ததைப் படிக்கிற இயந்திரம். யார் எழுதியது என்று அது கேட்பதில்லை. வைரஸின் புரதங்களைச் செய்து கொடுத்துவிடும். அந்தப் புரதங்கள் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மேலும் மேலும் நகல் எடுக்கும். ஒரு செல்லில் புகுந்தது, கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கப் போகத் தயாராகிவிடும்.

செல்லுக்குள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான சொந்த ஆர்.என்.ஏ.க்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் அன்னிய ஆர்.என்.ஏ. ஒன்று வந்திருக்கிறது என்பதைச் செல் எப்படித் தெரிந்துகொள்கிறது? இந்தக் கேள்விக்கான பதில் கடந்த இருபதாண்டுகளில்தான் தெளிவாகக் கிடைத்தது.

முதலில் பார்ப்பது முத்திரையை

வெளியூர் மாப்பிள்ளை என்றால் அந்த ஊர் ஜமாஅத்தின் கடிதம் கேட்கிறோம். கடிதம் வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறோம்? உள்ளே எழுதியிருப்பதை அல்ல. தலைப்புத்தாள் இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா, தலைவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறோம். உள்ளே எழுதுவதை யார் வேண்டுமானாலும் அழகாக எழுதிவிடலாம்.

செல்லும் இதையே செய்கிறது. நம் சொந்த ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றும் உட்கருவை விட்டு வெளியே வரும் முன்பே அதன் தலையில் ஒரு சிறு வேதிப்பொருள் வைக்கப்படுகிறது. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் தொப்பி. நமக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள எளிதான பெயர். பல வைரஸ்கள் புதிதாக நகல் எடுக்கும்போது வருகிற ஆர்.என்.ஏ.க்களின் தலையில் தொப்பி இருப்பதில்லை. மூன்று பாஸ்பேட்டுகள் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். இது முதல் அடையாளம். இரண்டாவது அடையாளமும் உண்டு. நம் நகல்கள் ஒற்றை இழை. வைரஸ் தன்னை நகல் எடுக்கும்போது பழைய இழையும் புதிய இழையும் ஒன்றோடொன்று ஒட்டி, நீளமான இரட்டை இழையாக நிற்கும். அவ்வளவு நீள இரட்டை இழை, நலமாக இருக்கும் செல்லில் உட்கருவுக்கு வெளியே கிடக்க வேண்டிய பொருள் அல்ல.

இந்த இரண்டையும் பார்ப்பதற்கு இரண்டு காவலாளிப் புரதங்கள் இருக்கின்றன. மொட்டைத் தலையைப் பிடிப்பது ரிக்-ஐ. நீள இரட்டை இழையைப் பிடிப்பது எம்.டி.ஏ.5. ரிக்-ஐ வைரஸைக் கண்டுபிடிக்கும் காவலாளி என்பதை 2004இல் ஜப்பானில் தகாஷி ஃபுஜிதாவின் குழு கண்டறிந்தது. அது தேடுவது அந்த மூன்று பாஸ்பேட் தலையைத்தான் என்பதை 2006இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே நிரூபித்தன. ரிக்-ஐ என்ற பெயருக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. வைட்டமின் ஏ-யைச் சேர்ந்த ஓர் அமிலத்தைக் கொடுத்தபோது கூடுதலாக வேலை செய்த ஜீன் என்பதால் முன்பே வைத்த பெயர். உண்மையான வேலை தெரிந்த பிறகும் பெயரை யாரும் மாற்றவில்லை.

வைரஸ் செல்லுக்குள் வரும்போது ஒரு சிறு பைக்குள் சுருட்டி எடுத்துக்கொள்ளப்பட்டே வரும். அந்தப் பைக்குள்ளும் டி.எல்.ஆர். என்ற பெயரில் காவலாளிகள் இருக்கிறார்கள். இவர்களின் முன்னோடிப் புரதத்தின் வேலை முதலில் தெரியவந்தது பழ ஈயில். அந்த வழியில் நடந்த ஆராய்ச்சிக்கு 2011இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் காவலாளிகளுக்கு டெங்கு என்றோ கொரோனா என்றோ பெயர் தெரியாது. முன்பு வந்தவனா, புதியவனா என்றும் தெரியாது. முத்திரை இல்லை என்பது மட்டும் தெரியும். உலகத்தில் அதுவரை யாருமே பார்த்திராத ஒரு வைரஸ் வந்தாலும் முதல் நாளே சண்டை தொடங்க முடிவது இதனால்தான்.

பக்கத்து வீட்டுக்குச் சொல்லுதல்

முத்திரை இல்லாத கடிதத்தைப் பிடித்த காவலாளி, மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறான். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதன் வெளிச்சுவரில் மேவ்ஸ் என்ற புரதம் இருக்கிறது. 2005இல் நான்கு குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இதைக் கண்டுபிடித்தன. காவலாளி வந்து தொட்டதும் ஒரு மேவ்ஸ் இன்னொன்றை இழுக்க, அது மற்றொன்றை இழுக்க, சங்கிலியாகச் சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து செய்தி உட்கருவுக்குப் போய், பூட்டிக் கிடந்த சில ஜீன்கள் திறக்கப்படும். அதில் முக்கியமானது இன்டர்ஃபெரான்.

இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்த கதை இதற்கெல்லாம் மிகவும் முந்தியது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் என்ற இருவர் கோழிமுட்டைக் கருவின் சவ்வை எடுத்து, சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃபுளூயன்சா வைரஸை அதோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தச் சவ்வு கிடந்த திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வின் மேல் ஊற்றிவிட்டு, உயிருள்ள வைரஸை விட்டார்கள். வைரஸால் அங்கே வளர முடியவில்லை. முதல் சவ்வின் செல்கள் ஏதோ ஒரு பொருளை வெளியே விட்டிருக்கின்றன, அது புதிய செல்களைக் காக்கிறது என்று புரிந்தது. வைரஸின் வேலையில் குறுக்கிடுகிற பொருள் என்பதால் அந்தப் பெயர்.

தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்றால், பள்ளிவாசல் மைக்கில் மோதினார் அறிவித்ததும் மற்ற வீட்டார் என்ன செய்வார்கள்? கதவைத் தாழ்ப்பாள் போடுவார்கள், விளக்கைப் போடுவார்கள், நகையை எடுத்து ஒளித்து வைப்பார்கள். இன்டர்ஃபெரான் வந்து தொட்ட பக்கத்துச் செல்லிலும் இதேதான் நடக்கிறது. நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஒரே நேரத்தில் திறக்கப்படுகின்றன. அதில் ஒரு புரதம் ஆர்.என்.ஏ.வை வெட்டிப் போடும். இன்னொன்று ரைபோசோமின் வேலையை நிறுத்தி வைக்கும், இயந்திரம் ஓடினால்தானே திருடன் பயன்படுத்துவான். மற்றொன்று வைரஸ் வாசலிலேயே நுழையாமல் தடுக்கும். வைரஸ் ஏற்கெனவே புகுந்துவிட்ட செல் பல நேரம் தானே இறந்துபோகும், தன்னோடு சேர்த்து வைரஸையும் முடித்துக்கொண்டு. இவ்வளவும் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடந்துவிடுகிறது.

காய்ச்சல், மேல்வலி, தலைவலி, சோர்வு, வாய்க்கசப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி வைரஸ் நேரடியாகச் செய்வதல்ல. இன்டர்ஃபெரானும் அதோடு வெளிவரும் வேறு சில பொருட்களும் மூளைக்குச் செய்தி சொல்லி, உடம்பின் சூட்டைக் கூட்டுகின்றன. இதற்கு நல்ல சாட்சி உண்டு. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு (அதுவும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான்) முன்பு இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டார்கள். ஊசி போட்ட அன்று பலருக்குக் காய்ச்சலும் குளிரும் மேல்வலியும் ஃபுளூ வந்தது போலவே வரும். சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டு ஏழெட்டு நாள் கழித்து லேசான காய்ச்சல் வருவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

பாராசிட்டமால் சூட்டைக் குறைத்து, பிள்ளை கொஞ்சம் கஞ்சி குடிக்கவும் தூங்கவும் உதவும். வைரஸைக் கொல்லாது. "மாத்திரை போட்டும் காய்ச்சல் திரும்பி வருதே" என்று இரண்டாம் நாளே டாக்டரை மாற்றுகிறோம். சண்டை முடியவில்லை, அதனால் திரும்பி வருகிறது.

கள்ள முத்திரை

வைரஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? டெங்கு வைரஸின் பத்துப் புரதங்களில் பாதிக்கும் மேல் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் காவலைக் கெடுக்கிற வேலையும் பார்க்கிறது. அதன் என்.எஸ்.5 என்ற புரதம் தன் ஆர்.என்.ஏ.வின் தலையில் நம்முடையது போலவே ஒரு தொப்பியை வைத்துவிடும். கள்ள முத்திரை. அது முழுதாகப் பலிக்காது. நகல் எடுக்கும் வேளையில் மொட்டைத் தலையும் இரட்டை இழையும் தெரியத்தான் செய்யும். அதனால் நகல் எடுக்கும் வேலையைச் செல்லின் சவ்வுகளை மடித்துச் செய்த சிறு பைகளுக்குள், காவலாளி கண்ணில் படாமல் நடத்துகிறது. அதையும் மீறி இன்டர்ஃபெரான் வந்துவிட்டால், அந்தச் செய்தியை உட்கருவுக்கு எடுத்துப் போகிற ஸ்டாட்-2 என்ற தூதுவனை அதே என்.எஸ்.5 அழித்துவிடும். மைக்கில் அறிவிப்பு வரும், வீட்டில் யாருக்கும் கேட்காது.

1994இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு டெங்கு வகை முந்தைய வகையை ஓரங்கட்டிவிட்டுப் பெரிதாகப் பரவியது. ஏன் என்று பல வருடம் விளங்கவில்லை. சிங்கப்பூரில் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் காரணத்தைச் சொன்னார்கள். அந்த வகை, தன் ஆர்.என்.ஏ.வின் ஒரு துண்டை மட்டும் கூடுதலாக உற்பத்தி செய்து, ரிக்-ஐயைத் தட்டி எழுப்புகிற துணைப் புரதத்தின் மேல் ஒட்டிவிடுகிறது. காவலாளி தூங்கிப் போகிறான். ஒரு ஊரில் கொள்ளைநோய் பெருகுவதற்கும் செல்லுக்குள் ஒரு காவலாளி விழித்திருப்பதற்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கிறது.

சிக்குன்குனியா வேறு மாதிரி. அது ஒளிவதில்லை. செல்லின் நகல் எடுக்கும் இயந்திரத்தையே நிறுத்திவிடும். இன்டர்ஃபெரானுக்கான உத்தரவு வந்தாலும் நகல் எடுக்க ஆளில்லை. 2006இல் நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாடு முழுக்கப் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்ததாக அந்த வருடக் கணக்கு. அந்தப் பெயரே தான்சானியா நாட்டு மக்கொண்டே மொழியில் வளைந்து போவதைக் குறிக்கிற சொல். 1964இல் சென்னையிலும் இது ஒரு முறை வந்து போயிருக்கிறது.

கடையநல்லூரில் நடந்தது

ராஜபாளையத்திலிருந்து தெற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி தாண்டினால் கடையநல்லூர். நம்மில் பல வீடுகளுக்குச் சம்பந்தம் உள்ள ஊர். 2012இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியபோது மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த வருடம் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள். ஐந்து வருடம் கழித்து 2017இல் எண்ணிக்கை 23,294, இறப்பு 65. நோயாளிகள் ஏறக்குறைய இரட்டிப்பான போதும் இறப்பு கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். இடையில் டெங்குவைக் கொல்கிற மருந்து எதுவும் வந்துவிடவில்லை. என்னுடைய கருத்து, நேரத்தோடு சோதித்துப் பார்ப்பதும், தண்ணீர்ச் சத்தைக் கவனிப்பதும் கூடியதற்கு இதில் பங்கு இருக்கும் என்பது.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அதே வகை மறுபடி வராது, மற்ற மூன்றும் வரலாம். முதல் முறையைவிட இரண்டாம் முறை ஆபத்து கூடுதலாக இருக்கலாம். முதல் தடவை உண்டான எதிர்ப்பொருள், வேறு வகை வைரஸின் மேல் ஒட்டும், ஆனால் அதை முடக்காது. ஒட்டிய எதிர்ப்பொருளைப் பார்த்து நம் வெள்ளை அணுக்கள் சொந்தக்காரர் அழைத்து வந்த விருந்தாளி என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடும். அந்த வாசல் வழியாக வந்த வைரஸுக்கு எதிராக இன்டர்ஃபெரானும் குறைவாகவே சுரக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. "போன தடவை டெங்கு வந்து சமாளிச்சுட்டோம்" என்று அலட்சியமாக இருப்பதற்கு இடமில்லை.

கொரோனாவில் தெரிந்தது

கொரோனா காலத்தில் ஒரே வீட்டில் பேரனுக்கு மூக்கு ஒழுகியதோடு போனது, தாத்தா ஆக்சிஜனில் கிடந்தார். நம் இளைஞர்கள் கவச உடை போட்டுக்கொண்டு தூக்கிய ஜனாஸாக்களில் பெரும்பாலானவர்கள் வயதான ஆண்கள். ஏன் என்று அன்று எல்லாரும் கேட்டோம். 2020இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஒரு பதில் கிடைத்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அதில் 101 பேருக்கு, தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கிப் போடுகிற எதிர்ப்பொருள் இருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசாக வந்து போன 663 பேரில் ஒருவரிடம்கூட அது இல்லை. எல்லா மரணத்துக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. பத்தில் ஒருவர் விஷயத்தில், மைக் கம்பியை யாரோ முன்பே அறுத்து வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தது.

ஸ்டீராய்டு பற்றியும் அப்போதுதான் தெளிவு வந்தது. இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020 ஜூனில் வெளியானது. செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களுக்கு டெக்ஸாமெதசோன் கொடுத்தபோது இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குக் கொடுத்தபோது பலன் எதுவும் தெரியவில்லை, கெடுதலாக இருக்கலாம் என்ற சந்தேகம்தான் வந்தது. ஸ்டீராய்டு நம் படையின் வேகத்தை அடக்குகிற மருந்து. படை மிஞ்சிப்போய்ச் சொந்த வீட்டையே இடிக்கும் கட்டத்தில் அது உதவும். சண்டை தொடங்கும் முதல் நாட்களில் கொடுத்தால் காவலாளியின் கையைக் கட்டுவது போல ஆகிவிடும். காய்ச்சல் "சட்டுனு நிக்க" வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைப் பொட்டலங்களில் சில நேரம் இதுவும் இருக்கிறது. அந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள். ஆஸ்துமா, மூட்டு நோய் போன்றவற்றுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

வளைகுடாவில் இருக்கிற நம் பிள்ளைகள் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர் தடுப்பூசி ஆர்.என்.ஏ.வால் ஆனது. நமக்கு இங்கே கிடைத்த கோவிஷீல்டும் கோவாக்சினும் வேறு வகை. ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க நினைத்தவர்களுக்குத் தடையாக நின்றவர்கள் மேலே சொன்ன இதே காவலாளிகள்தான். கொடுத்ததும் அன்னியக் கடிதம் என்று பிடித்துவிடுவார்கள். கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் அதில் ஓர் எழுத்தை மட்டும் லேசாக மாற்றினால் காவலாளி பேசாமல் விட்டுவிடுகிறான் என்று 2005இல் காட்டினார்கள். 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் 104 டிகிரி அடிக்கிற நேரமல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிற நேரம். வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், ஆனால் நம் படையே கிளப்பிவிட்ட பொருட்களால் ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். அந்த ஒன்றிரண்டு நாளில் பிள்ளைக்குச் சூடு இல்லை என்று சந்தோஷப்பட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வீடுகள் உண்டு. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, பிள்ளை துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் அனத்துவது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, புரூஃபென், ஆஸ்பிரின் கேட்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிற பெரியவர்கள், காய்ச்சல் வந்தால் அதை டாக்டரிடம் சொல்லிக் கேட்டு நடக்க வேண்டும். பாராசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில், ஆறு மணி நேர இடைவெளியில். கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. நிலவேம்புக் குடிநீரை டெங்கு காலங்களில் அரசே கொடுத்திருக்கிறது, குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்துவிட்டோம், ரத்தம் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. முதல் ஐந்து நாள் வரை என்.எஸ்.1 பரிசோதனை. இது வைரஸின் ஒரு புரதத்தையே தேடுவது. ஐந்து நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை. இது நம் எதிர்ப்பொருளைத் தேடுவது. இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். எடுத்துப் பார்த்து "டெங்கு இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் நாளில் அந்தப் படை இன்னும் கிளம்பவே இல்லையே, எப்படித் தெரியும்? வெள்ளை அணு குறைந்திருக்கிறது என்று வந்தால் பதற வேண்டாம், வைரஸ் காய்ச்சலில் அது வழக்கம். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனதுமே ரத்தம் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். ரத்தக் கசிவு இல்லாதவருக்குப் பொதுவாகப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் அதை யோசிப்பார்கள். அதைவிட ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டும் ஹெமடோகிரிட் எண்தான் அந்த நாட்களில் முக்கியம். டெங்கு பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். வெளியில் எடுக்க வேண்டி வந்தால் அந்தச் செலவுக்கு அறக்கட்டளையில் மனு கொடுக்கத் தயங்க வேண்டாம். ஆன்டிபயாடிக் பில்லைவிட அந்தப் பில்லுக்குப் பணம் கொடுக்க எங்களுக்குச் சந்தோஷம்.

இதை எழுதுவதற்கு முன் மக்தப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "கொசு உடம்புலயும் அந்த வைரஸ் இருக்குதே, கொசுவுக்குக் காய்ச்சல் வராதா?" நல்ல கேள்வி. கொசுவுக்கு இன்டர்ஃபெரான் கிடையாது. அதன் செல்லில் இருக்கிற காவலாளி, நீள இரட்டை இழையைப் பார்த்ததும் 21 எழுத்து அளவுக்குச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போடும். அந்தத் துண்டுகளையே மாதிரியாக வைத்துக்கொண்டு அதே போன்ற ஆர்.என்.ஏ. எங்கே இருந்தாலும் தேடி வெட்டும். வைரஸ் பெருகி மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள அது போதும், அடியோடு அழிக்கப் போதாது. அதனால் கொசு நோய்ப்படாமல், சாகும் வரை வைரஸைச் சுமந்துகொண்டு கடித்துக்கொண்டே இருக்கும்.

அவன் விடவில்லை. "அப்ப முட்டையிலயும் இருக்குமா?" என்றான். சில முட்டைகளில் இருக்கும், தாய்க் கொசுவிடமிருந்து போகும். ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை, தண்ணீர் தொடுகிற விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தொட்டி காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். சிமெண்ட் தொட்டி, டிரம், பயன்படுத்தாத ஆட்டுக்கல், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு இவற்றில் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு முறை உள்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகு தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள்.